இருட்டக்காவும் வைத்திய மீனும்

அவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை இப்போது தபால்காரர் மட்டும்தான் உபயோகிக்கிறார். மற்ற எல்லோருக்கும் அவள் இருட்டக்கா.

தொழில், வீடு வீடாகப் போய் மீன்தொட்டிகளைப் பராமரிப்பது. கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டுவாள், தண்ணீர் மாற்றுவாள், மோட்டாரைக் கழற்றித் துடைத்து மாட்டுவாள். இதில் இருட்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் அவள் முதலில் மீனைப் பார்க்க மாட்டாள். சுவரில் மின்பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். அதைத் திறந்து, உள்ளே இருக்கும் ட்ரிப் சுவிட்சின் சின்ன 'டெஸ்ட்' பொத்தானை ஓர் அழுத்து அழுத்துவாள். டப்! வீடு மொத்தமும் அணைந்துபோகும். குளியலறையில் தலை நிறைய நுரையோடு நிற்பவர் கத்துவார். வாஷிங் மெஷின் பாதிச் சுற்றில் நின்று முனகும். மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் யாரோ, நாகரிகமான மனிதர்கள் வாயில் வரக்கூடாத வார்த்தை ஒன்றைச் சொல்வார்.

"நல்லா வேலை செய்யுது. இனிமே மீனப் பாக்கலாம்" என்பாள் இருட்டக்கா.

"சொல்லிட்டு அமுக்கக் கூடாதாம்மா?"

"கரண்டு சொல்லிட்டா அடிக்குது?"

உண்மையைச் சொன்னால், இதில் பாதுகாப்பு பாதி, குறும்பு பாதி. அந்த அலறல் கேட்காத நாள் அவளுக்கு உப்புச் சப்பில்லாமல் போகும். அவள் கணவர் வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். மாதம் ஒருமுறை சொந்த வீட்டிலும் அவள் பொத்தானை அழுத்த, அவருடைய மெஷின் சட்டைக் காலரின் நடுவில் ஊசியைக் குத்தியபடி நின்றுவிடும். மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மனிதர் காலால் மிதிக்கிற பழைய மெஷினுக்கே மாறிவிட்டார்.

பாதுகாப்பு என்கிற அந்தப் பாதிக்கு ஒரு காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தாள். ஒரு மழை நாளில், ஈரக் காலோடு நின்றபடி யாரோ கொண்டுவந்த தண்ணீர் மோட்டாரைத் தொட்டாள். கை ஒட்டிக்கொண்டது. விடு என்று மனசு கத்துகிறது, விடமாட்டேன் என்கிறது கை. பட்டறைக்காரர் மர முக்காலியைத் தூக்கி அவள் தோளில் ஒரு போடு போட்டார். காறை எலும்பு முறிந்தது, உயிர் தங்கியது. தண்ணீரும் கரண்டும் ஒரே அறையில் இருந்தால் நடுவில் காவலுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தவள்தான். அந்த ஆள்தான் ட்ரிப் சுவிட்ச்.

"உள்ள போன கரண்டு அவ்வளவும் திரும்பி வரணும். கொஞ்சம் குறைஞ்சாலும், எங்கயோ கசிஞ்சு யாரோ ஒருத்தர் உடம்புல பூந்திருக்குன்னு அர்த்தம். இது கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள கதவச் சாத்திடும்" என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொல்வாள்.

ஒரு நாள் காலை, பத்து மணி இருக்கும். தொலைபேசியில் ஒரு கனத்த குரல்.

"டாக்டருக்கு மூச்சு வாங்குது. உடனே புறப்பட்டு வாங்க."

"சார், நம்பர் மாறிப் போட்டுட்டீங்க. நான் மீன்தொட்டிக்காரி. ஆம்புலன்ஸுக்குப் பண்ணுங்க."

"தெரிஞ்சுதாம்மா பண்றேன். டாக்டர்ங்கறது மீனு."

பேசியவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். வண்ணமீன் கடையில் அவள் நம்பரை வாங்கியிருந்தார். முகவரியைச் சொன்னவர், எத்தனை நிமிடத்தில் வந்து சேர வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னார். இருட்டக்கா ஸ்கூட்டரை மிதித்துக் கிளப்பினாள்.

இரண்டாவது மாடி. கதவு திறந்தே கிடந்தது. வலது பக்கச் சுவரிலேயே மின்பெட்டி. அவள் வழக்கம்போல மூடியைத் திறந்து, ஆசையோடு பொத்தானை அழுத்தினாள்.

ஒன்றும் ஆகவில்லை. விளக்கு எரிந்தது. மின்விசிறி சுற்றியது. மறுபடி அழுத்தினாள். மேடை ஏறிய பாடகிக்குக் குரல் எழும்பாமல் போனதுபோல இருந்தது அவளுக்கு. 

"அங்க என்னம்மா பண்றீங்க? டாக்டர் இந்தப் பக்கம்!"

கூடத்துக்குள் போனவள் அப்படியே நின்றாள். சுவரோரம் ஐந்து நாற்காலிகள். ஐந்திலும் ஆட்கள், எல்லோரும் வலது கையின் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டுக்கொண்டு. எதிரே இரும்பு ஸ்டாண்டின் மேல் நாலடி நீளத் தொட்டி. அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஆஸ்கர் மீன், கறுப்பும் ஆரஞ்சுமாக, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. தொட்டியின் முன்னால் தரையில் தடிமனான ரப்பர் பாய். சுவரில் ஓர் அட்டவணை: 8.55 கழுத்து. 9.10 இடது முட்டி. 9.25 தோள். 9.40 மணிக்கட்டு. 9.55 முதுகு.

"சார், இது என்ன?"

ஸ்டேஷன் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். முப்பத்தாறு வருஷம் ரயில்களை நிறுத்தியும் அனுப்பியும் பழகிய தொண்டை.

"மூணு மாசம் முன்னாடி நான் தொட்டித் தண்ணிய மாத்தினேன். அப்பதான் டாக்டர் முதல் தடவையா பேசினார்."

"பேசினாரா?"

"'டிக்'குன்னு ஒரே வார்த்த. மறுநாள் தீனி போட தண்ணில கைய வெச்சா, சுர்ருன்னு ஒரு சக்தி ஏறுச்சு. அன்னிலேர்ந்து என் முட்டி வலி போன இடம் தெரியல. அக்கம்பக்கத்துல சொன்னேன். இப்ப இவங்க எல்லாரும் வராங்க."

"முட்டி வலிக்குக் கையையா வைக்கறாங்க?"

"கை வழியா ஏறி, இடுப்புல தடம் மாறி, முட்டிக்குப் போயிடும்" என்றார் அவர், வண்டி மாற வேண்டிய பயணிக்கு வழி சொல்வதுபோல.

மணிக்கட்டு வலிக்காக வந்திருந்த ரொட்டிக்கடைக்காரர் தலையாட்டினார். "கொஞ்ச நாளா டாக்டருக்குப் பவர் கூடியிருக்கு. முன்னெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். இப்ப கை தூக்கிப் போடுது."

இருட்டக்கா குனிந்து ரப்பர் பாயைத் தொட்டாள். மூன்று மாதமாக ஈரக் கைகள் சொட்டிச் சொட்டி, பாய் ஊறிப்போயிருந்தது. தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிளக்குகள் செருகும் நீட்டிப்புப் பலகை ஒன்று தரையில் கிடந்தது. தொட்டித் தண்ணீரைச் சூடாக வைக்கும் ஹீட்டரிலிருந்து இறங்கிய ஒயர் நேராக அதற்குள் போனது. ஒயரின் மேலேயே ஒரு சொட்டுத் தண்ணீர், நிதானமாக, பலகையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, அதன் முனையைத் தண்ணீரில் வைத்தாள். கைப்பிடிக்குள் சின்ன விளக்கு ஜம்மென்று எரிந்தது.

"பாத்தீங்களா!" என்று ஸ்டேஷன் மாஸ்டர் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "கருவியே ஒத்துக்கிச்சு!"

ஐந்து நாற்காலிகளிலிருந்தும் கைத்தட்டல்.

"சார், இது மீனோட சக்தி இல்ல. கரண்டு. தண்ணிக்குள்ள கரண்டு கசியுது."

"கரண்டுன்னா மீன் எப்படிம்மா உயிரோட இருக்கு?"

"கம்பில காக்கா உக்காருதே, அந்த மாதிரிதான். கரண்டு போறதுக்கு வேற வழி இல்லாதவரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க தரைல நிக்கறீங்க, உங்க வழியா அது தரைக்குப் போகும்."

"டாக்டர் எந்தக் கம்பி மேலயும் உக்காரலையே" என்றார் தோள்வலிக்கார அம்மாள் ஒருவர், நியாயமான சந்தேகத்தோடு.

"மூணு மாசமா கைய வைக்கிறேன். செத்தா போயிட்டேன்?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"இந்த ரப்பர் பாய்தான் உங்களக் காப்பாத்திட்டிருக்கு. அதுவும் இப்ப ஊறிப்போச்சு. அதான் டாக்டருக்குப் பவர் கூடியிருக்கு."

இந்த இடத்தில் சமையலறை வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி, கையில் கரண்டியோடு. எல்லோரும் அவரை மாஸ்டரம்மா என்பார்கள்.

"நானும் அதத்தான் சொல்றேன். அன்னைக்கு வீடு துடைச்சிட்டு ஈரத் தரைல வெறுங்காலோட நின்னு தொட்டி விளிம்பத் துடைச்சேன். அந்த மீன் தடியன் என்னத் தூக்கி அடிச்சிட்டான். மூணு மாசமா அந்தப் பக்கமே போறதில்ல. இவரு காதுல வாங்கினாத்தானே?"

"நம்பிக்கை இல்லாதவங்களுக்கு அப்படித்தான் ஆகும்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். அவர் முகம் சிவந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் ஒரு மீன்தொட்டிக்காரியும் சொந்த மனைவியும் சேர்ந்துகொண்டு கேள்வி கேட்கிறார்கள். "பாயாவது ஒண்ணாவது! இதோ, பாய விட்டு இறங்கி, செருப்பையும் கழட்டிட்டே கைய வைக்கறேன். பாத்துக்கங்க!"

செருப்பை உதறினார். வெறுங்காலை ஈரத் தரையில் வைத்தார். கையை ஓங்கினார்.

இருட்டக்காவுக்கு விளக்கம் சொல்ல நேரமில்லை. கூடத்தை ஆறே எட்டில் தாண்டி, மின்பெட்டியின் மெயின் சுவிட்சை அடித்து இறக்கினாள். விளக்கு போயிற்று. மின்விசிறி மெல்ல ஓய்ந்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது ஸ்டேஷன் மாஸ்டரின் கை மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் இருந்தது.

அவர் நெற்றியைச் சுருக்கினார். விரல்களை ஆட்டிப் பார்த்தார். இன்னும் ஆழமாக விட்டார்.

"ஒண்ணும் வரலையே."

"வராது சார். கரண்ட நிறுத்திட்டேன்."

"டாக்டர் கோவிச்சுக்கிட்டார்."

"சார்!"

"ரெண்டும் ஒரே நேரத்துல நடந்திருக்கலாம் இல்லையா?"

 கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற இருட்டக்காவுக்கு, அந்த மனிதரின் பிடிவாதத்தைப் பார்த்துச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இவரிடம் கரண்டுப் பாடம் எடுபடாது. இன்றைக்கு ஹீட்டரைப் பிடுங்கிக்கொண்டு போனாலும், நாளைக்கே டாக்டருக்குக் குளிருகிறது என்று எதையாவது கொண்டுவந்து மாட்டுவார். அவருக்குத் தெரிந்த பாஷையில்தான் பேச வேண்டும்.

"சார், உங்க சர்வீஸ்ல ஒரு வண்டி பிரேக் பிடிச்சு நகராம நின்னா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? எந்தப் பெட்டில கோளாறுன்னு பாக்கணும். ஒவ்வொரு பெட்டியா கழட்டி..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அவர் கண்ணில் ஒரு மாற்றம் தெரிந்தது. உள்ளறைக்குப் போனார். திரும்பி வரும்போது கழுத்தில் ஒரு விசில் தொங்கியது.

"ஷண்டிங் பண்ணிடுவோம்" என்றார்.

இருட்டக்கா பையிலிருந்து தன் சோதனை விளக்கை எடுத்தாள். கோலிக்குண்டு அளவு எல்இடி பல்பு, அதிலிருந்து இரண்டு நீள ஒயர்கள். ஒன்றின் நுனியில் மூன்று பின் பிளக், அதில் எர்த் பின்னோடு மட்டும்தான் இணைப்பு. அதைச் சமையலறை பிளக்கில் செருகினாள். மற்ற ஒயர், கரண்டு இருக்கிறதா என்று தேடும் மூக்கு. விதிமுறையை ஸ்டேஷன் மாஸ்டரே அறிவித்தார்: எதையும் இடம் மாற்றுவதற்கு முன் மெயின் அணைக்கப்படும். விசில் ஊதினால் கரண்டு வருகிறது என்று அர்த்தம், எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் விசில். தொட்டிக்குள் ஒயர். பல்பு பளிச்சென்று எரிந்தது. நாற்காலிகளில் பெருமிதப் புன்னகை.

மெயின் அணைந்தது. இப்போது டாக்டரைப் பெட்டி மாற்ற வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் தொட்டித் தண்ணீரையே நிரப்பி, இருட்டக்கா வலையை இறக்கினாள். டாக்டர் லேசில் மசியவில்லை. மூன்று தடவை வலையைச் சுற்றி வந்தது, நாலாவது தடவை மாட்டியது, மாட்டிய கோபத்தில் வாலால் ஓர் அறை விட்டது. ரொட்டிக்கடைக்காரர் தலையிலிருந்து வயிறு வரை நனைந்தார்.

"சிகிச்ச ஆயிடுச்சு உங்களுக்கு" என்றார் மாஸ்டரம்மா.

இரண்டாவது விசில். பக்கெட்டுக்குள் ஒயர். பல்பு எரியவில்லை. டாக்டர் ஒயரை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பிறகு மீன் இல்லாத தொட்டிக்குள் ஒயர். பளிச்!

 ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே ரொட்டிக்கடைக்காரர்தான் தைரியமாக வாயைத் திறந்தார்.

"இத்தன நாள் டாக்டர் ஊறின தண்ணி இல்லையா? சாரம் இறங்கியிருக்கும். டீத்தூள் மாதிரி."

"யோவ்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். குரல் இறங்கியிருந்தது. "பக்கெட்லயும் அதே தண்ணிதான். டாக்டரும் உள்ளயே இருக்காரு. அங்க எரியல."

சொன்ன பிறகுதான், தான் எந்தக் கட்சிக்குப் பேசினோம் என்பது அவருக்கு உறைத்தது. ஆனால் ஷண்டிங்கைப் பாதியில் நிறுத்துகிற பழக்கம் அவருக்கு இல்லை. "அடுத்த பெட்டி" என்றார்.

அடுத்த பெட்டி, ஹீட்டர். மெயின் அணைந்ததும் இருட்டக்கா தொட்டியின் மூலையிலிருந்து அந்தக் கண்ணாடிக் குழாயை எடுத்தாள். வேறொரு பக்கெட்டில் குழாய்த் தண்ணீர் பிடித்து, ஹீட்டரை அதற்குள் நிறுத்தினாள். எல்லோரையும் நாலடி தள்ளிப் போகச் சொன்னாள். மூன்றாவது விசில் கொஞ்சம் மெல்லியதாகக் கேட்டது. தொட்டிக்குள் ஒயர்: இருட்டு. ஹீட்டர் நின்ற பக்கெட்டுக்குள் ஒயர்: பளிச்சென்று வெளிச்சம்.

விசில் ஸ்டேஷன் மாஸ்டரின் உதட்டிலிருந்து நழுவி நெஞ்சில் விழுந்தது.

மறுபடி மெயினை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, இருட்டக்கா ஹீட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள். கண்ணாடியில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல், அடியிலிருந்து பாதிவரை. உள்ளே துருப்பிடித்த தண்ணீர்.

"தண்ணி மாத்தினப்ப இத அணைச்சீங்களா சார்?"

"எதுக்கு? அது பாட்டுக்கு ஓரமா இருந்துச்சு."

"தண்ணி வடிஞ்சதும் இது வெறும் காத்துல காஞ்சு கொதிச்சிருக்கும். அது மேல பச்சத் தண்ணிய ஊத்தியிருப்பீங்க. சூடான கண்ணாடி டம்ளர்ல ஐஸ் தண்ணி ஊத்தின கதை. அப்ப கேட்டதுதான் அந்த 'டிக்'கு."

டாக்டரின் ஒரே வார்த்தையும் போயிற்று. ஸ்டேஷன் மாஸ்டர் பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"சரி, இவ்வளவு கசிஞ்சிருக்கு. ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கணுமே. அத யாரு சாகடிச்சது?" என்றாள் இருட்டக்கா.

"விழுந்துச்சே!" என்றார் மாஸ்டரம்மா. "அந்த வாரம் முழுக்க டப்பு டப்புன்னு விழுந்துட்டே இருந்துச்சு. என் தம்பிதான் வந்து சரி பண்ணிக் குடுத்தான்."

எல்லோர் பார்வையும் ஐந்தாவது நாற்காலிக்குப் போனது. 9.55 முதுகு. அது காலியாக இருந்தது. மாஸ்டரம்மாவின் தம்பி, ஸ்டேஷன் மாஸ்டரின் மச்சான், வேலை என்றால் மட்டும் முதுகு வலிக்கிற மனிதர், வாசலருகே குனிந்து தன் குடையைத் தேடிக்கொண்டிருந்தார். வெளியே மழையின் அறிகுறியே இல்லை.

"எங்கடா போற?"

"இல்லக்கா, குடை..."

"என்னடா பண்ண அந்த சுவிட்ச?"

"அது சும்மா சும்மா விழுந்து தொல்ல பண்ணுச்சுக்கா. அதான் அதத் தாண்டி நேரா ஒயர் குடுத்துட்டேன். அப்புறம் ஒரு தடவையாவது விழுந்துச்சா? மாமாவே பாராட்டினாரு!"

"திருடன் வர்றான்னு வாட்ச்மேன் கத்தியிருக்காரு. நீங்க திருடன விட்டுட்டு வாட்ச்மேன் வாயக் கட்டிட்டீங்க" என்றாள் இருட்டக்கா.

மாஸ்டரம்மா தம்பியிடம் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கணவரின் பக்கம் திரும்பினார்.

"அப்ப தடியன் என்ன அடிக்கல?"

"இல்லம்மா" என்றாள் இருட்டக்கா, அவருக்குப் பதிலாக.

"கெட்ட எண்ணத்தோட கிட்ட போனதாலதான் மீன் என்ன அடிச்சுதுன்னு இவரு சொன்னாரு. வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் சொன்னாரு. இதோ, இவங்க அத்தன பேர் முன்னாடியும் சொன்னாரு."

 தோள்வலிக்கார அம்மாள் சுருட்டிய சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார். மாஸ்டரம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அழுகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது சிரிப்பு. அடக்கி அடக்கி, முடியாமல் வெடித்து, பாத்திரம் ஒன்று உருண்டு விழுந்து, மறுபடி சிரிப்பு. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார் ஸ்டேஷன் மாஸ்டர்.

அதன் பிறகு இருட்டக்கா ஒரு மணி நேரம் வேலை பார்த்தாள். மச்சானின் குறுக்கு ஒயரைக் கழற்றி எறிந்து, ட்ரிப் சுவிட்சுக்கு உயிர் கொடுத்தாள். நீட்டிப்புப் பலகையைத் தரையிலிருந்து தூக்கிச் சுவரில் உயரமாக அடித்தாள். ஒவ்வொரு ஒயரும் முதலில் பலகைக்குக் கீழே தொங்கி, வளைந்து, பிறகு மேலே ஏறிப் பிளக்குக்குப் போகும்படி கட்டினாள். சொட்டுத் தண்ணீர் வந்தால் அந்த வளைவின் அடியிலேயே கீழே விழுந்துவிடும், பிளக்கு வரை ஏறாது. புது ஹீட்டர் மாட்டினாள். மூச்சு வாங்கியதற்குக் காரணமான வடிகட்டி மோட்டாரைத் திறந்தால், உள்ளே விசிறியில் ஒரு நத்தைக்கூடு சிக்கியிருந்தது. இதற்கு மட்டும் மச்சான் பொறுப்பில்லை என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே!

கடைசியாக அவள் போய் டெஸ்ட் பொத்தானை அழுத்தினாள். டப்! கூடம் அணைந்தது. தோள்வலிக்கார அம்மாள் வீல் என்று கத்தினார். சமையலறையில் மிக்ஸி பாதியில் நின்றது. இருட்டக்காவின் மனசு குளிர்ந்தது.

மீனைத் தொட்டியில் விட்டு, கையைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டவளை, படிக்கட்டில் தோள்வலிக்கார அம்மாள் ரகசியமாக மடக்கினார்.

"ஏம்மா, அந்தப் பழைய ஹீட்டர் உனக்கு வேணாம்தானே? எனக்குக் குடுத்துடேன். என்ன இருந்தாலும் தோளுக்கு இதமாத்தான் இருந்துச்சு."

 இருட்டக்கா ஹீட்டரைத் துணியில் சுற்றினாள், படியில் வைத்தாள், பையிலிருந்து சுத்தியலை எடுத்து மூன்று போடு போட்டாள். பிறகு அந்த அம்மாளின் கையைப் பிடித்து, "நிஜ டாக்டர் ஒருத்தர்கிட்ட போங்கம்மா, காலோட நடக்கறவரா பாத்து" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஸ்கூட்டரைக் கிளப்பப் போனவள் அந்த இரண்டாவது மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.  ஊறிப்போன ஒரு பாய். அதன் மேல் தினமும் ஐந்து பேர். வீடு போய்ச் சேர்ந்து, நடந்ததையெல்லாம் கணவரிடம் நடித்துக் காட்டினாள். கருவியே ஒத்துக்கிச்சு என்ற கைத்தட்டல் வரைக்கும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்டேஷன் மாஸ்டர் வெறுங்காலைத் தரையில் வைத்த இடம் வந்ததும் மெஷின் மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

"நீ ஆறு எட்டுக்குப் பதிலா ஏழு எட்டு வெச்சிருந்தா?" என்றார்.

"அதான் வெக்கலையே" என்றாள் அவள். ஆனால் அன்று இரவு, மாதம் முடியும் முன்பே, சொந்த வீட்டின் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

பத்து நாள் கழித்து, ஒரு முற்பகலில், ஸ்டேஷன் மாஸ்டர் அவள் வீட்டுக்கே வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் காக்கி உறை. தையல் துணிகளை ஒதுக்கி அவருக்கு இடம் பண்ணினார்கள். அவர் உட்காராமல் உறையை நீட்டினார்.

உள்ளே நாலு பக்கம், கையெழுத்து அச்சடித்ததுபோல. தலைப்பு: விபத்து நேராத சம்பவம் குறித்த விசாரணை அறிக்கை. நாள், நேரம், இடம், வானிலை எல்லாம் இருந்தன. இருட்டக்கா வாய்விட்டுப் படித்தாள்.

"'சம்பவக் காலத்தில் அபாய அறிவிப்பு கொடுத்தவர்: நிலைய அதிகாரியின் மனைவி. அவர் மூன்று மாதம் தொடர்ந்து சிவப்பு விளக்கு காட்டியும், அதிகாரி அதைப் பொருட்படுத்தாமல் வண்டியை விட்டார். மேலும், விளக்கு காட்டியவரையே பலர் முன்னிலையில் குறை கூறினார்.'"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் மெஷினில் மாட்டியிருந்த நூல்கண்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தொடர்ந்தாள்.

"'உயிர்ச்சேதம் ஏற்படாததற்குக் காரணம் அதிகாரியின் திறமை அன்று. ஒரு ரப்பர் பாயும், மீன்தொட்டிப் பராமரிப்பாளரின் ஓட்டமும் ஆகும். பொறுப்பு: முதலாவது, அதிகாரி. இரண்டாவது, மச்சான். தண்டனை:' இங்க காலியா இருக்கே சார்?"

"அத நான் எழுத முடியாது. விசாரிச்சவனே குற்றவாளி. மேலிடம்தான் நிரப்பணும்."

"எந்த மேலிடம்?"

"வீட்லதான்" என்றார் அவர். "ஆனா சாட்சி கையெழுத்து இல்லாம கொண்டுபோய்க் குடுத்தா செல்லாது. அதான் வந்தேன்."

அவளுக்குக் கேலியாக ஏதாவது சொல்ல நாக்கு துறுதுறுத்தது. நாலைந்து நல்ல வாக்கியங்கள் வரிசையாக வந்து நின்றன. அவர் முகத்தைப் பார்த்தாள். எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, பேனாவை வாங்கி, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அவள் கணவரும் கேட்காமலேயே கீழே ஒரு கையெழுத்துப் போட்டு வைத்தார்.

அடுத்த மாதம் அவள் அந்த வீட்டுக்குப் போனபோது, சுவரில் சிகிச்சை அட்டவணை இருந்த இடத்தில் அந்த நாலு பக்கமும் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. வருகிறவர்களுக்கு மாஸ்டரம்மா டீ கொடுப்பதற்கு முன்னால் அதைப் படிக்கச் சொல்கிறாராம். தண்டனை என்ற இடத்தில் சிவப்பு மையில், வட்ட வட்டமான எழுத்தில் எழுதியிருந்தது: 'தொட்டி கழுவுவது. வாரா வாரம். இருவரும். ஆயுள் முழுக்க.'

ஸ்டேஷன் மாஸ்டர் கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு, பாசி சுரண்டிக்கொண்டிருந்தார். பிடுங்கிய பிளக்குகள் எல்லாம் எதிரே நாற்காலியில், அவர் கண்ணுக்கு நேராக வரிசையாகக் கிடந்தன. மச்சான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு முதுகைப் பிடித்தபடி குளியலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். மாஸ்டரம்மா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "மூலைல இன்னும் பச்சையா தெரியுது பாருங்க" என்றார்.